கீமோவுக்குப் பிறகு மகள் மீண்டும் வீணை எடுத்தது

ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியதில் மகளுக்கு விரல் நுனிகள் மரத்துப்போயின. நரம்பைப் பாதிக்கக்கூடியது அது. இடக்கை விரல்களில் தந்தி போட்ட காய்ப்பும் உரிந்துவிட்டது.

முதல் வேலையாக டாக்டரிடம் சொன்னோம். மரமரப்பை மறைக்கவே கூடாது. மருந்தின் அளவை மாற்ற வேண்டிவரலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஏறும்வரை வீணை உறைக்குள்தான் இருந்தது, குறைவாக இருக்கும்போது லேசாக அழுத்தினாலே ரத்தம் கட்டும்.

பிறகு அவள் அப்பா சுருதியை, அதாவது அடிப்படை ஸ்வரத்தின் உயரத்தை, மூன்று கட்டையிலிருந்து இரண்டுக்கு இறக்கினார். தந்தி தளர்ந்ததும் அழுத்துவது சுலபமானது. ஸ்வரத்தை அசைக்கும் கமகமே இல்லாமல், ஆரம்பப் பாடமான சரளி வரிசை மட்டும். தந்திக்குக் கீழே பதித்திருக்கும் உலோக மெட்டு விரலுக்குத் தட்டுப்படாததால் கண்ணால் பார்த்துப் பார்த்து வாசித்தாள், பிள்ளை! கை சோர்ந்தால் நிறுத்திவிடுவோம்.

சிகிச்சை முடிந்தபின் உணர்ச்சி மெல்லத் திரும்பியது. இப்போது தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை இழுத்து அசைக்கிறாள். சுருதியை இன்னும் ஏற்றவில்லை.