நீலப்புள்ளிச் சன்ஃபிஷை வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் முறை

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையை ஒட்டிய மாநிலங்களில், செடிகள் மண்டிய குளங்களிலும் ஓட்டம் குறைந்த ஓடைகளிலும் வாழும் நீலப்புள்ளிச் சன்ஃபிஷ், வளர்ந்த பிறகும் பெரும்பாலும் 8 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. இதன் உறவினமான புளூகில், குஞ்சாக இருக்கையில் இதைப் போலவே தோன்றினாலும், விரைவில் பெருத்துத் தொட்டியையே தன்வசமாக்கிக் கொள்ளும். ஆகவே வாங்கும் முன் வாலைக் கவனியுங்கள்: நீலப்புள்ளியின் வால் வட்டமாக முடியும், புளூகிலின் வால் நடுவில் பிளவுபட்டிருக்கும்.

ஓர் ஆணுக்கும் இரண்டு மூன்று பெண்களுக்கும் 75 லிட்டர் தொட்டி போதும். மீனை விடுவதற்குச் சில வாரங்கள் முன்பே ஃபில்டரை ஓடவிட்டு, மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்துவிட்டதைச் சோதித்து உறுதிசெய்ய வேண்டும். வேகமான நீரோட்டம் இந்த மீனைக் களைப்படையச் செய்வதால் நுரைப்பஞ்சின் வழியே நீரை மெதுவாக வடிகட்டும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே ஏற்றது. மணல், மரவேர், அடர்ந்த ஹார்ன்வோர்ட் என்னும் நீர்ச்செடி, மேலே மிதக்கும் செடிகள் ஆகியவற்றால் மங்கலான ஒளியும் மறைவிடமும் அமைத்தால், இயல்பிலேயே கூச்சமுள்ள மீன்கள் சில நாட்களில் வெளியே வரத் தொடங்கும்.

பலர் தடுமாறுவது உணவில்தான். கடையில் கிடைக்கும் உலர் தீனியை இவை பெரும்பாலும் தொடுவதில்லை. வாயில் எடுத்தாலும் துப்பிவிடும். முதலில் டாஃப்னியா, ஆர்ட்டீமியா என்னும் மிகச்சிறிய நீருயிரிகளை உயிருடன் கொடுத்து, அவற்றுடன் உறைந்த இரத்தப்புழுவை (நீரில் வளரும் சிவப்புப் பூச்சிப்புழு) சிறிது சிறிதாகக் கலந்து பழக்க வேண்டும். இரையின் எதிரே அசையாமல் நின்று, நன்றாக உற்றுப் பார்த்த பிறகே இவை கவ்வும். பாய்ந்து தின்னும் மீன்களை உடன் விட்டால் இவை பட்டினி கிடக்க நேரும் என்பதால், தனி இனமாக வளர்ப்பதையே நான் வலியுறுத்துவேன்.

ஹீட்டர் தேவையில்லை. குளிர்காலத்தில் வெப்பநிலை 12 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை இறங்கி, வசந்தத்தில் மெல்ல 22 டிகிரியை எட்டினால், ஆணின் உடலில் நீலப்புள்ளிகள் சுடர்விடத் தொடங்கும்; செடிகளுக்கிடையே சிறு குழியைத் துப்புரவாக்கி, பெண்ணை அங்கே அழைத்து, இடப்பட்ட முட்டைகளை ஆணே காவல் காக்கும். அந்நாட்களில் விரட்டப்படும் பெண்கள் ஒதுங்கிக்கொள்ளச் செடிப்புதர் அவசியம்.

இயற்கை நீர்நிலையில் பிடிக்க எண்ணுவோர் மாநில மீன்வளத் துறையின் விதிகளை முதலில் படிக்க வேண்டும். குறிப்பாக, நெருங்கிய இனமான கரும்பட்டைச் சன்ஃபிஷ் வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற மாநிலங்களில் அருகிவரும் இனமாகப் பாதுகாக்கப்படுகிறது. தொட்டியில் வளர்ந்த மீனை, பிடித்த இடத்திலேயே ஆனாலும் திரும்ப விடக் கூடாது. அதனுடன் நோய்க்கிருமிகளும் சென்றுவிடும்.