ஈர்க்குச்சியும் மாவும் போதும்: முப்பரிமாண வடிவங்களைக் கட்டிப் பழகலாம்

கனச்சதுரத்துக்கு முனை எத்தனை, விளிம்பு எத்தனை என்று அட்டவணை போட்டுப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். சோதனை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். கையால் கட்டிப் பார்த்த பிள்ளைக்கு அட்டவணை தேவைப்படாது. மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதில் செலவும் பெரிதாக இல்லை.

படி 1: பொருள் சேர்ப்பது

செம்பனை ஓலையில் சீவிய ஈர்க்குச்சி ஒரு பிடி எடுத்துக்கொள்ளுங்கள். தென்னை ஈர்க்கும் சரிதான். நுனி வளையும் என்பதால் அடிப்பக்கத்தையே வெட்டுங்கள். 10 செ.மீ. குச்சி இருபது, 14 செ.மீ. குச்சி ஆறு வேண்டும். கோதுமை மாவைச் சப்பாத்திக்குப் பிசைவதைவிடக் கெட்டியாகப் பிசைந்து, கோலி அளவில் 13 உருண்டை பிடியுங்கள்.

படி 2: கனச்சதுரம்

நான்கு உருண்டை, நான்கு சின்னக் குச்சி வைத்து மேசையில் ஒரு சதுரம் செய்யுங்கள். ஒவ்வோர் உருண்டையிலும் ஒரு குச்சியை நேராக நிறுத்தி, தலையில் ஓர் உருண்டை வையுங்கள். அப்புறம் மேலே நான்கு குச்சியால் இணைத்துவிடுங்கள்.

உருண்டைதான் முனை, குச்சிதான் விளிம்பு, குச்சிகளுக்கு நடுவே திறந்திருக்கும் சதுரம் ஒவ்வொன்றும் ஒரு மேற்பரப்பு. முனை 8, விளிம்பு 12, மேற்பரப்பு 6. பிள்ளைகள் தடுமாறுவது விளிம்பில்தான். கீழே நான்கு, நிற்பது நான்கு, மேலே நான்கு என்று பிரித்து எண்ணச் சொல்லுங்கள்.

படி 3: அது சாயட்டும்

லேசாகத் தள்ளினாலே உங்கள் கனச்சதுரம் ஒரு பக்கம் சாயும். மாவைக் குறை சொல்லாதீர்கள். நான்கு சம குச்சிகளால் ஆன சட்டம், நீளம் மாறாமலே சாய்சதுரமாகிவிடும். 1885-இல் கட்டிய நம் தெலுக் இந்தான் கோபுரம் அடிமண்ணால் சாய்ந்தது, இது வடிவத்தால் சாய்கிறது.

சாய்ந்த பிறகு மறுபடி எண்ணுங்கள். அதே 8, 12, 6. ஆனாலும் அது இப்போது கனச்சதுரம் இல்லை! எண்ணிக்கை மட்டும் போதாது, மூலைகள் எல்லாம் செங்கோணமாக இருக்க வேண்டும். படத்தை மட்டும் பார்த்துப் படிக்கும் பிள்ளைக்கு இந்த இடம் பிடிபடுவதே இல்லை.

இனி 14 செ.மீ. குச்சிகளை மேற்பரப்புக்கு ஒன்றாக மூலைவிட்டமாகக் குத்துங்கள் (சரியான நீளம் 14.1, மாவு அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளும்). ஆறும் குத்தியதும் அசையாமல் நிற்கும். மூன்று பக்க நீளமும் முடிவாகிவிட்டால் முக்கோணத்தின் கோணங்கள் மாற வழியில்லை. மின்கம்பிக் கோபுரங்களில் எங்கு பார்த்தாலும் முக்கோணம் இருப்பது இதனால்தான்.

படி 4: கூம்பகம்

மீதி எட்டுக் குச்சி, ஐந்து உருண்டை. அடியில் சதுரம், நான்கு மூலையிலிருந்தும் எழும் குச்சிகள் உச்சியில் ஒரே உருண்டையில் சேரும். முனை 5, விளிம்பு 8, மேற்பரப்பு 5. மேசைமேல் சாயாது. கையில் தூக்கினால் அடிச்சதுரம் கொஞ்சம் முறுக்கும்.

இப்போது முனையிலிருந்து விளிம்பைக் கழித்து மேற்பரப்பைக் கூட்டுங்கள். 8 − 12 + 6 = 2. 5 − 8 + 5 = 2. சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை லியோனார்டு ஆய்லர் இதை 1750-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். தட்டையான மேற்பரப்புகளால் மூடிய, நடுவில் துளையில்லாத வடிவங்களுக்கு இது பொருந்தும். விடை 2 வராவிட்டால் எண்ணியதில் எங்கோ தவறு.

படி 5: விரிப்பு

தடித்த தாளில் ஒரு கனச்சதுரப் பெட்டி ஒட்டி, விளிம்போடு வெட்டி ஒரே துண்டாக விரியுங்கள். எப்படி வெட்டினாலும் 7 விளிம்புகளைத்தான் வெட்டியிருப்பீர்கள். ஆறு சதுரங்களும் பிரியாமல் இருக்க 5 இணைப்பு வேண்டும், மீதி 7. திருப்பினாலும் புரட்டினாலும் ஒன்றாகிவிடுபவற்றை ஒன்றாகவே எண்ணினால், கனச்சதுரத்துக்கு 11 விரிப்புகள் உண்டு. கட்டத்தாளில் தேடிப் பாருங்கள். நான்கு சதுரங்கள் இரண்டுக்கு இரண்டாகச் சேர்ந்து நிற்கும் படம் மடியாது, அதை உடனே ஒதுக்கிவிடலாம்.

படி 6: வளைந்தவை

நீள் உருளைக்குப் பால் டின் போதும். சுற்றித் தாளை ஒட்டிப் பிரித்தால் அது செவ்வகம். டின்னின் விட்டம் 7 செ.மீ. என்றால் அந்தச் செவ்வகத்தின் நீளம் சுமார் 22 செ.மீ.

கூம்புக்கு, கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகை) கட்டித் தரும் காகிதக் கூம்பே நல்ல மாதிரி. டின்னின் அதே வாயும் அதே உயரமும் உள்ள கூம்பில் மூன்று தடவை அரிசி அளந்து கொட்டினால் டின் நிறையும். உயரம் 8 செ.மீ. என்றால் கூம்பின் சாய்வு நீளத்தையும் 8 ஆக வைத்துவிடாதீர்கள், அது சுமார் 8.7 வர வேண்டும். அந்த ஆரத்தில் வட்டம் போட்டு, 144 பாகைத் துண்டை வெட்டி எடுத்துச் சுருட்டுங்கள். ஒட்டுவதற்கு ஓரத்தில் கொஞ்சம் தாளை விட்டுவையுங்கள்.