போர்ட் சேனலில் காஸ்ட்டை நீங்களே போட்டுவிடுங்கள்

நெட்வொர்க் சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டு 1 ஜிகாபிட் கேபிளை ஒரே போர்ட் சேனலாக, அதாவது ஒரே கட்டாகச் சேர்த்திருந்தால், ஸ்பேனிங் ட்ரீ (நெட்வொர்க்கில் சுழல் வராமல் பாதையைத் தேர்ந்தெடுக்கும் முறை) காஸ்ட்டை, அதாவது பாதையின் மதிப்பு எண்ணை (குறைவானதே முதலில் தேர்வாகும்), தனித்தனி போர்ட்டில் போடாமல் சேனலிலேயே 10000 என்று போட்டுவிடுங்கள். ஸ்பேனிங் ட்ரீக்கு அந்தக் கட்டு முழுவதும் ஒரே போர்ட்தான். ஒரு கேபிள் போனதும் சில சுவிட்சுகள் வேகம் பாதியாயிற்று என்று காஸ்ட்டை 20000 ஆக்கிவிடும். மண்டபம், பாம்பன் பக்கத்து உப்புக்காற்றில் பிளக் பச்சை பூத்து ஒரு கேபிள் வந்து வந்து போனால், பாதையும் கூடவே மாறி மாறி ஆடும், அப்புறம் ராத்திரியில் ஏணியும் டார்ச்சுமாக அலைய வேண்டியதுதான். காஸ்ட்டைச் சின்ன எண்களில் போடும் பழைய 16 பிட் கணக்கில் ஓடும் சுவிட்ச் என்றால் 10000 இல்லை, 3. மாற்றுப் பாதையே இல்லாத சின்ன ஆபீசுக்கு இது தேவையில்லை. ஒரு கேபிள் போனால் டிராஃபிக் வேறு பாதைக்கு மாறத்தான் வேண்டும் என்பவர்களுக்கும் ஆகாது.