கொடுமணலுக்குப் போனால் தரையைப் பார்த்து நடங்கள்

கொடுமணலில் கோபுரமோ கோட்டைச் சுவரோ தேடாதீர்கள். சென்னிமலைக்கு மேற்கே 15 கிலோமீட்டர் அளவில், நொய்யல் ஆற்றின் வடகரையில், ஈரோடு மாவட்டத்தில் இருக்கிற அகழாய்வு ஊர் இது. பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாடல்கள் அருங்கலங்களுக்காக (அரிய அணிகலன்களுக்காக) பேசும் கொடுமணம் இந்த ஊர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பார்க்க வேண்டியதெல்லாம் தரையிலும் தரைக்கு அடியிலும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால்தான் கண்ணில் படும்.

மழை முடிந்த பிறகு, மார்கழி முதல் மாசி வரை போவது நல்லது. காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள், சாய்வெயிலில் கல்வட்டங்கள் தெளிவாகத் தெரியும், பத்து மணிக்கு மேல் நிழலுக்கு வேலமரத்தைத் தேட வேண்டியிருக்கும். செருப்பு வேண்டாம், முள் ஏறிவிடும், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டைச் சென்னிமலையிலேயே முடித்துக்கொண்டு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான விஷயம், கல்வட்டங்கள் பலவும் யாரோ ஒருவருடைய காட்டுக்குள் இருக்கின்றன (காடு என்றால் எங்கள் பக்கம் மானாவாரி நிலம்). கிளுவை வேலிக்கு வெளியே நின்று, “ஏனுங்க, உள்ள போயி அந்தக் கல்லைப் பாத்துக்கலாமுங்களா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் போனால், எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று அவர்களே கூட வந்து காட்டவும் செய்வார்கள். உள்ளே போனதும் கடவில் (வேலியில் நுழைகிற வழி) இருக்கிற படலைத் திரும்பச் சாத்திவிடுங்கள், இல்லாவிட்டால் மேய்கிற மாடு வெளியே போய்விடும்.

சரி, என்ன பார்ப்பது? பெரிய கற்கள் வட்டமாகக் கிடந்து நடுவில் சிறுகற்கள் குவிந்திருந்தால் அது ஈமக்காடு, அதாவது இறந்தவர்களைப் புதைத்த இடம். அடியில் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய கற்பதுக்கை இருக்கும், சிலவற்றில் பலகையில் குடைந்த இடுதுளையையும் பார்க்கலாம். எட்டிப் பார்க்கலாம், பலகைமேல் ஏற வேண்டாம். ஊர்ப் பெரியவர்களிடம் பாண்டியன் குழி என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள்.

அப்புறம் குனிந்து தரையைப் பாருங்கள். உட்புறம் கறுப்பும் வெளிப்புறம் சிவப்புமாக ஒரு ஓடு கிடக்கும்; பானையைக் கவிழ்த்துவைத்துச் சுட்டதால் காற்றுப் படாத பக்கம் கறுத்துவிட்டது. இந்த மாதிரி ஓடுகளில்தான் தமிழ்பிராமி என்ற பழைய எழுத்தில் கீறிய பெயர்கள் கிடைத்தன, ஆதன் என்ற பெயரும் வணிகக் குழுவைக் குறிக்கும் நிகம என்ற சொல்லும் அவற்றில் உண்டு. பக்கத்திலேயே கறுத்துக் கனமாக, நுரைத்து உறைந்தது போல ஒரு கட்டி கிடந்தால் அது இரும்பு உருக்கியபோது வந்த கசடு. மின்னுகிற சில்லு பளிங்காக இருக்கலாம். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே தோண்டியபோது, செதுக்கியது, தேய்த்தது, துளை போடாமல் விட்டது என்று மணிகள் எல்லா நிலையிலும் கிடைத்தன, அதனால்தான் இது மணி செய்த பட்டறை ஊர் என்று உறுதியானது. பச்சைக்கல் படியூரில் இருந்தும் நீலக்கல் சிவன்மலையில் இருந்தும் வந்திருக்கும், இரண்டும் பக்கத்து ஊர்கள்தான்.

எதைப் பார்த்தாலும் கிடக்கிற இடத்திலேயே படம் எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள், ஒரு சின்ன ஓட்டைக்கூடப் பையில் போடாதீர்கள், இடத்தை விட்டு எடுத்த ஓடு எந்த வீட்டுக்கு, எந்தக் காலத்துக்கு உரியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. தோண்டிய குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவார்கள், அதனால் செய்தியில் பார்த்த உலையெல்லாம் அங்கே இருக்காது. அகழாய்வு நடக்கும்போது போனால் கயிற்றுக்கு வெளியே நின்று பாருங்கள்.

மாலையில் நேரம் இருந்தால் அரச்சலூர் நாகமலைக்குப் போங்கள். அங்கே பாறையில் “த தை தா தை” என்று வெட்டிய இசைக் கல்வெட்டை 1960இல் கண்டுபிடித்தவர் புலவர் செ. இராசு. அந்த எழுத்துகளைச் சேர்த்து அமைத்தவன் பெயரும் அதிலேயே இருக்கிறது, மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன். மணிய் வண்ணக்கன் என்றால் மணியின் தரம் பார்த்துச் சொல்கிறவன்.