அம்மாவின் ஹாஸ்டல் கதைகளைப் பதிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஹாஸ்டல் வாழ்க்கை எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றுதான் பதில் வரும். போனில் ரெக்கார்டரை ஆன் செய்துவிட்டு நிறையப் பேர் கேட்கும் முதல் கேள்வியே இதுதான். அதற்கு மேல் என்ன கேட்பதென்று நமக்கும் தெரியாது, என்ன சொல்வதென்று அவருக்கும் தெரியாது, கொஞ்ச நேரத்தில் அம்மா காபி போட எழுந்து போய்விடுவார். என் அம்மா எழுபதுகளில் சென்னையில் ஒரு பெண்கள் பள்ளியின் போர்டிங்கில் தங்கிப் படித்தவர். அவரையும் அவருடைய பழைய தோழிகள் சிலரையும் பேசவைத்துப் பதிவு செய்து வருகிறேன். அது தெரிந்தவர்கள் தங்கள் அம்மாவின் பதிவை அனுப்பி, "இதுல ஒண்ணுமே இல்லையே" என்று குறைப்படுவார்கள். கேட்டுப் பார்த்தால் அம்மாக்கள் மேல் தப்பே இல்லை. அந்த ஏழெட்டு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே வரியில் மார்க் போடச் சொன்னால் யார்தான் பேசுவார்கள்?

ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பல விடுதிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நம்பர் இருக்கும். சலவைக்குப் போகும் துணி மாறிவிடக்கூடாது என்று பாவாடை, தாவணி, தலையணை உறை எல்லாவற்றிலும் அந்த நம்பரைச் சிவப்பு நூலால் தைத்து அனுப்புவார்கள், தட்டிலும் டம்ளரிலும் வெட்டிக் கொடுப்பார்கள். "உன் நம்பர் என்னம்மா?" என்று கேட்டுப் பாருங்கள், பேரனின் பிறந்தநாளை மறப்பவர்கூட அதை யோசிக்காமல் சொல்வார். யார் தைத்துக் கொடுத்தார்கள், டிரங்குப் பெட்டியில் வேறு என்ன இருந்தது, சாவியை எங்கே வைத்துக்கொண்டார், வீட்டிலிருந்து வந்த முறுக்கு எத்தனை நாள் தாங்கியது, யாருக்கு மட்டும் கொடுக்கவே மாட்டார் என்று அது பாட்டுக்குப் போகும். முதல் மணி எத்தனை மணிக்கு அடித்தது, குளிக்க எவ்வளவு நேரம் வரிசையில் நின்றார்கள், ஆளுக்கு எத்தனை வாளி தண்ணீர், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்த பிறகு யார் யாருக்குப் பேன் பார்த்தார்கள் என்றும் கேளுங்கள். காலையில் இரட்டைச் சடை மடித்துக் கட்டிவிட்டது யார் என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்குத் தானாகப் பின்னிக்கொள்ளத் தெரியாது, அங்கே அம்மாவும் கிடையாது, அதனால் பெரிய வகுப்பு அக்கா ஒருத்தி கட்டாயம் இருந்திருப்பாள். அந்த அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கரண்ட் போனால்கூட நிறுத்த மாட்டார்கள்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். "சாப்பாடு மோசம்" என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். திங்கட்கிழமை காலை என்ன, வியாழக்கிழமை ராத்திரி என்ன, குழம்பில் காய்த் துண்டு எத்தனை, மிச்சம் வைத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அறுபதுகளில் படித்தவராக இருந்தால் பால் பவுடரும் உடைத்த கோதுமையும் பேச்சில் வரக்கூடும். அமெரிக்க உதவியாக வந்த அந்த மூட்டைகள் அப்போது தமிழ்நாட்டின் பல பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் போயின. எங்கள் அம்மா இன்றைக்கும் கோதுமை ரவை உப்புமா என்றால் தட்டை நகர்த்திவிடுவார்.

அடுத்தது, நடுவில் குறுக்கிட்டுத் திருத்துவது. "எட்டாவது படிக்கறப்போ வார்டன் ரூம்ல டிவி பார்த்தோம்" என்று அம்மா சொன்னதும் மகன் போனில் தேடி, "மெட்ராஸுக்கு டிவி வந்ததே 1975 ஆகஸ்ட் 15-ல்தாம்மா, நீ அப்போ பத்தாவது ஆச்சே" என்பான். அவன் சொல்வது சரியாகவே இருக்கட்டும், அதற்குப் பிறகு அம்மா ஒவ்வொரு வாக்கியத்திலும் "எனக்குச் சரியா ஞாபகம் இல்ல" என்று சேர்த்துக்கொள்வார், பேச்சு படுத்துவிடும். தேதியைப் பின்னால் தனியாகச் சரிபார்க்கலாம். வருஷம் வேண்டுமென்றால் வருஷத்தைக் கேட்காமல் ஊருக்கே தெரிந்த சம்பவத்தைக் கேளுங்கள்: அண்ணா இறந்தபோது (1969 பிப்ரவரி 3) நீ எந்த வகுப்பு, எம்.ஜி.ஆர். முதல்வரானபோது (1977) ஹாஸ்டலிலா வீட்டிலா?

நாமே கணக்கைத் தப்பாகப் போடும் இடங்களும் உண்டு. "பதினொண்ணாவதோட படிப்பை முடிச்சுட்டு வந்துட்டேன்" என்று ஒரு அம்மா சொன்னதை, பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு ஒரு பெண் அழுதே விட்டார். 1978-க்கு முன்னால் இங்கே எஸ்.எஸ்.எல்.சி. என்பதே பதினோராம் வகுப்புதான். அதற்கு மேல் கல்லூரியில் ஒரு வருஷம் பி.யு.சி. பிளஸ் டூ வந்தது 1978-ல். அந்த அம்மா பள்ளிப் படிப்பை முழுசாக முடித்தவர்! அதேபோல "நாலணா கொடுத்து வாங்கினேன்" என்றால் உடனே ஐம்பதுகளுக்குப் போய்விட வேண்டாம். அணாவுக்குப் பதிலாக 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டது, ஆனாலும் இருபத்தைந்து பைசாவை நாலணா என்றுதான் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

போர்டிங் என்றதும் மலை மேல் ஒரு பெரிய கட்டடம், பணக்காரப் பிள்ளைகள், நடு ராத்திரி கேக் என்று ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டு உட்காருவதும் தவறு. நம் ஊரில் பெண்கள் விடுதிகள் வந்த வழி வேறு. சகோதரி சுப்புலட்சுமி பால்ய விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்த இடம் மெரினாவில் இருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். முத்துலட்சுமி ரெட்டி 1930-ல் அவ்வை இல்லத்தைத் தொடங்கியது போக்கிடம் இல்லாத பெண்களுக்காக. கான்வென்ட் போர்டிங்குகளிலும் ஃபீஸ் கட்டும் பிள்ளைகள், கட்டாத பிள்ளைகள் என்று இரண்டு வகை இருந்தது உண்டு. உங்கள் அம்மா எதில் இருந்தார் என்பது தெரியாமல் "ஜாலியா இருந்திருக்குமே" என்று தொடங்கினால் அவர் வாயை மூடிக்கொள்வார். ஏன் சேர்த்தார்கள் என்பதையும் முதலில் கேட்காதீர்கள். கிராமத்தில் ஹைஸ்கூல் இல்லை என்பது எல்லோருக்கும் சொல்லும் காரணம். சித்தி வந்த வீடு, அப்பாவின் கடன், அடுத்தடுத்துப் பிறந்த தங்கைகள் என்று வேறொரு காரணமும் இருக்கலாம், அது வரும்போது வரட்டும்.

யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதைக் கேட்கத் தயங்குகிறோம், கேட்கத்தான் வேண்டும். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டது 1924-25-ல் தமிழ்நாட்டையே உலுக்கிய சண்டை. பந்தி பிரித்த காலம் போன பிறகும் டம்ளர் மாறினால் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். சுளித்தது உங்கள் அம்மாவாகவும் இருக்கலாம். அப்போது அவருக்காக வக்காலத்து வாங்கவும் வேண்டாம், விசாரணை நடத்தவும் வேண்டாம், பேச விடுங்கள்.

பழைய கடிதங்கள் கிடைத்தால் அதுதான் ஆதாரம், அம்மா சொல்வது வெறும் ஞாபகம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நிறைய விடுதிகளில் போகும் கடிதத்தையும் வரும் கடிதத்தையும் வார்டனோ சிஸ்டரோ படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். "இங்கு நான் நலம், சாப்பாடு நன்றாக உள்ளது" என்று இன்லேண்ட் லெட்டரில் இருந்தால், அதை எழுதும்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேளுங்கள். காய்ச்சலில் கிடந்த வாரத்திலும் 'நலம்' என்றே எழுதிய தோழி ஒருவரை எனக்குத் தெரியும். இதைவிட நம்பலாம் என்று நான் நினைப்பது மணியார்டர் கூப்பன் துண்டுகளை. அப்பா அதில் பணத்தோடு இரண்டு வரி எழுதியிருப்பார், தேதி முத்திரையும் இருக்கும். தபால் துறை அந்தப் பழைய சேவையை 2015-ல் நிறுத்திவிட்டது, அதனால் பெட்டியில் இருக்கும் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அதைக் காப்பாற்றுகிறேன் என்று லேமினேஷன் கடைக்கு எடுத்துப் போவதுதான் எனக்குக் கோபம் வரும் தவறு. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்க முடியாது, காகிதம் அதோடு போயிற்று. வகுப்பு குரூப் போட்டோ பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். பின்பக்கத்தையும் படம் எடுங்கள், பெயர்கள் அங்கேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

யார் கேட்பது என்பதும் முக்கியம். மாதவிலக்குத் துணியை எங்கே துவைத்தார்கள், எங்கே காயவைத்தார்கள், முதல் தடவை வந்தபோது யாரிடம் சொன்னார்கள் என்பதெல்லாம் விடுதி வாழ்க்கையில் பெரிய விஷயம், ஆனால் அப்பாவும் மருமகனும் ஹாலில் உட்கார்ந்திருந்தால் ஒரு வார்த்தை வராது. மத்தியானம் மற்றவர்கள் தூங்கும்போது, ஃபேனைக் குறைத்துவிட்டு, போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, கையில் கீரையோ பூவோ கொடுத்து உட்காரவையுங்கள். கைவேலை இருந்தால் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய சங்கடம் இருக்காது. குரல் மாறினால், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்ல வந்து நிறுத்தினால், தோண்டாதீர்கள். ரெக்கார்டரை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள். நிறுத்திய பிறகு சொல்வது உங்களுக்கு மட்டும்.

பழைய பள்ளிக்கு சர்ப்ரைஸாகக் கூட்டிப்போவதும் வேண்டாம். கட்டடம் இடிந்திருக்கலாம், வாட்ச்மேன் உள்ளே விடாமல் போகலாம், அதுவும் சித்திரை வெயிலில் எழுபதை நெருங்குபவரை கேட்டில் நிறுத்தி வைப்பீர்களா? முன்கூட்டியே ஆபீஸில் பேசி, பிள்ளைகள் இல்லாத விடுமுறை நாளாகப் பார்த்து, தை மாதத்தில் போங்கள். அட்மிஷன் ரெஜிஸ்டரில் அம்மாவின் வரியைக் காட்டுவார்களா என்றும் அப்போதே கேட்டுவிடலாம்.

கடைசியாக, பெயர்கள். ஓடிப்போன பெண், லீவுக்குப் போய்த் திரும்பி வராத பெண், திருடி மாட்டிக்கொண்ட பெண் எல்லோரும் இந்தக் கதைகளில் வருவார்கள், இன்று அவர்களும் யாருக்கோ பாட்டிகள். முழுப் பெயரோடு ஃபேமிலி குரூப்பில் போட்டுவிட்டால் சாயங்காலத்துக்குள் அது அம்பத்தூர் வரை போய்விடும். வெளியே அனுப்பும் முன் அம்மாவுக்கு ஒருமுறை போட்டுக் காட்டி, எதை எடுக்கச் சொல்கிறாரோ அதை அந்தப் பிரதியிலிருந்து எடுத்துவிடுங்கள்.