வீட்டு வேதபாடம்: ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க

வேலைக்கு நடுவே கூடும் சகோதரிகளுக்கு பைபிளின் ரூத் புத்தகம் தோதானது. 4 அதிகாரம், 85 வசனம்; வாரம் ஒரு அதிகாரமாக ஒரே மாதத்தில் முடியும். முறை வைத்து வாசிக்கச் சொல்லாதீர்கள், எழுத்துக்கூட்டிப் படிப்பவர் அடுத்த வாரம் வரமாட்டார். விருப்பமுள்ளவர்கள் வாசிக்கட்டும்.

"ரூத்தின் ஓரகத்தி ஒர்பாள் மாமியாரை விட்டுத் தாய்வீட்டுக்குத் திரும்பிப் போனது தப்பா?" என்பதுபோல் கேளுங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும்வரை பேசாதீர்கள். நீங்களே பதில் சொன்னால் அப்புறம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பெரும்பாலான குழுக்கள் பிரசங்கமாக மாறுவது இங்கேதான்.

ஜெபக்குறிப்புகளை வந்தவுடன் துண்டுச்சீட்டில் வாங்கிவிடுங்கள். வாய்விட்டுச் சொல்ல விட்டால் மாமியார் கதையிலேயே அரைமணி போகும், பிறகு தெருவுக்கும் போகும். காபி, பிஸ்கட் கடைசியில். பலகாரம் வேண்டாம், அடுத்து தன் வீட்டில் கூட்டம் வைக்க வேண்டியவர் யோசிப்பார்.