தட்டைத் தாளில் ஒரு மடிப்பு
தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையோடு நிற்கும் சிற்பத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கண்ணுக்கு நேரே கையை நீட்டி ஓர் உடலை மறைத்தால் மற்றது பளிச்சென்று தெரியும்.

வீட்டுக்கு வந்ததும், இதேபோல் கண்ணை ஏமாற்றும் படம் ஒன்றை வரைய கிராஃப் தாளை எடுங்கள். பிரிட்டிஷ் ஓவியர் பிரிட்ஜெட் ரைலி 1961-இல் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலேயே தட்டைப் பரப்பை மடிந்ததுபோல் காட்டினார், என்ன அழகான வேலை! உங்கள் கட்டங்களின் உயரம் 20 மில்லிமீட்டர், அதை மாற்றவே கூடாது. அகலம் மட்டும் 20, 17, 13, 9, 5, 2 எனக் குறையட்டும். அப்புறம் 2, 5, 9, 13 எனக் கூடட்டும். இப்படி ஐந்தாறு வரிசை போட்டு, சதுரங்கப் பலகைபோல் மாற்றி மாற்றிக் கறுப்பு தீட்டுங்கள். ஓரங்களில் பிசிறு கூடாது. கை நீட்டும் தூரத்தில் பிடித்தால் தாள் உள்ளே மடியும்.